செடிக்கும் ஒரு போர்வை

*ஊட்டியில் கருகும் மேரக்காய்க் கொடி, டொரோண்டோவில் ஜன்னலோரம் ஒதுங்கும் கறிவேப்பிலை, காஷ்மீரில் பனிக்கடியில் உயிரோடு இருக்கும் கீரை... வீட்டுத் தோட்டக்காரர்களின் குளிர்காலம் இப்போது எப்படிப் போகிறது?*

ஜனவரி மாதத்துக் காலை, மணி ஆறு. ஊட்டி தலைகுந்தா பக்கம் ஒரு வீட்டின் முன்வாசல். பைக் சீட்டில் படிந்திருக்கும் வெள்ளையை ஒரு பையன் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டிக்கொண்டிருக்கிறான். இரவு வெளியே மறந்துவைத்த வாளியில், தண்ணீருக்கு மேல் மெல்லிய ஐஸ் ஏடு. பாட்டிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு வேலியோரம் போய், நான்கு குச்சி நட்டு மேலே விரித்திருக்கும் பழைய சேலையை ஓரமாகத் தூக்கிப் பார்க்கிறார். உள்ளே உருளைக்கிழங்குச் செடி பச்சையாகத்தான் இருக்கிறது. சேலை எட்டாமல் போன டேலியாவும் மேரக்காய்க் கொடியும்கூட இப்போதைக்கு விறைப்பாக, விளிம்பெல்லாம் வெள்ளையாக, பார்க்க அழகாகவே நிற்கின்றன. சுற்றுலா வந்தவர்கள் செல்ஃபி எடுப்பது இந்த நேரத்தில்தான். வெயில் ஏறி மேலே பட்டதும் கதை மாறும். வெந்நீர் ஊற்றியதுபோல் இலைகள் துவண்டு, மதியத்துக்குள் கறுத்துவிடும்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு இது புதிதில்லை. நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை உறைபனிக் காலம் என்று அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இப்போது பேச்சாகியிருப்பது வேறு விஷயம். நவம்பரில் வரவேண்டிய பனி சில வருடங்களில் டிசம்பர் கடைசிக்கோ ஜனவரிக்கோ தள்ளிப்போகிறது. மழை மேகம் விலகாத வருடத்தில் பனியே இல்லையே என்று போர்வையை மடித்து வைத்தால், அடுத்த வாரமே எல்லாவற்றையும் சேர்த்துக் கருக்கிவிட்டுப் போகிறது. மலைவாசிகள் மட்டும் புலம்பும் விஷயமும் இல்லை இது. டெக்சாஸிலும் லண்டனிலும் பிரான்ஸிலும் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள். எவ்வளவு குளிர் என்பதைவிட, எப்போது வருகிறது என்பதுதான் இப்போது செடியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

பேப்பரில் 3 டிகிரி, புல்லில் பூஜ்யம்

காலை செய்தியில் குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி என்கிறார்கள். ஆனால் தோட்டத்தில் உறைபனி கிடக்கிறது. யார் பொய் சொல்வது? யாரும் இல்லை. வானிலை ஆய்வு நிலையத்தின் தெர்மாமீட்டர், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் அளவு உயரத்தில், மரப்பெட்டிக்குள் நிழலில் இருக்கிறது. புல்லும் நாற்றும் தரையில் இருக்கின்றன. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் பகலில் வாங்கிய சூட்டை வானத்துக்கு வேகமாக இழக்கிறது. தரையை ஒட்டிய காற்று, மேலே இருப்பதைவிடச் சில டிகிரி அதிகமாகக் குளிர்ந்துவிடுகிறது. நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் இரவைக் கண்டால் தோட்டக்காரருக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். காந்தல், தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம் என்று தாழ்ந்த இடங்களின் பெயர்களே ஆண்டுதோறும் உறைபனிச் செய்தியில் அடிபடுவதற்குக் காரணம் இதுவே. ஒரே தெருவில் மேட்டு வீட்டு பீன்ஸ் பிழைக்கும். பள்ளத்து வீட்டு பீன்ஸ் போகும். சரிவின் கீழ்ப்பக்கம் அழகுக்காக எழுப்பிய காம்பவுண்டு சுவர், வழிந்து போகவேண்டிய குளிரை அணை கட்டித் தோட்டத்துக்குள்ளேயே நிறுத்திவிடும். இதை வீடு கட்டும் கான்ட்ராக்டர் யாரும் சொல்வதில்லை.

> மிலார் போர்வை
>
> 1848ல் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில், குளிர்காலம் வந்தால் அலங்காரச் செடிகளின் மேல் 'கோத்தகிரி மிலார்' என்ற செடியின் கிளைகளைப் பரப்பி மூடுவார்கள். பனி மிலாரின் மேல் விழும். இடுக்கு வழியாகக் காற்றும் வெளிச்சமும் உள்ளே போகும். புல்வெளிக்குத் தண்ணீர் தெளிப்பான் ஓடும். சிறு தேயிலை விவசாயிகளும் இளஞ்செடிகளைப் பெரணி போன்ற காட்டுச் செடிகளால் மூடுவதுண்டு. பிளாஸ்டிக் ஷீட் வருவதற்கு முன்பே இருந்த வழி. இன்றைக்கும் ஷீட்டைவிட மேல்.

கொன்றது குளிரா, வெயிலா?

இலை கறுப்பது வெயில் பட்ட பிறகு. அதனால் வெயில்தான் கொன்றது என்று நம்புகிறவர்கள் பலர். பாதி சரி. இரவில் இலைக்குள், செல்களுக்கு இடையே உள்ள ஈரம் முதலில் உறைகிறது. அந்த ஐஸ், செல்லுக்குள் இருக்கும் தண்ணீரையும் வெளியே இழுக்கிறது. செல் வற்றிச் சுருங்கி, அதன் சவ்வு கிழிகிறது. காலையில் ஐஸ் உருகும்போது, கிழிந்த செல்லிலிருந்து எல்லாம் கசிந்துபோகிறது. சாவு நடந்தது ராத்திரியில், தெரியவருவது காலையில். மெல்ல உருகினால் சில செல்கள் தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொண்டு பிழைக்கும். வெயில் படும் முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவுவதன் பயன் அந்த அளவுதான்.

பெரிய பழத்தோட்டங்களில் ராத்திரி முழுக்க ஸ்பிரிங்ளர் ஓடவிடுவது வேறு கணக்கு. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியே விடும். மேலே தண்ணீர் உறைந்துகொண்டே இருக்கும் வரை, உள்ளே மொட்டு பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. ஆனால் நடுவில் மோட்டார் நின்றால் போச்சு. ஈரம் ஆவியாகும்போது இருக்கிற சூட்டையும் கொண்டுபோய்விடும். மின்வெட்டு உள்ள ஊரில் இதை நம்பி இறங்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

வீட்டுத் தோட்டத்துக்கு சேலை, சாக்கு, அட்டைப்பெட்டி இவையே போதும். முந்தின நாள் மதியமே மண்ணை நனைத்துவிட வேண்டும். ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைப் பிடித்துவைக்கும். சூரியன் இறங்கும் முன் மூட வேண்டும், துணி தரை வரை தொங்க வேண்டும். செடியின் கழுத்தில் மஃப்ளர் மாதிரி சுற்றிக் கட்டுபவர்கள், மண்ணிலிருந்து வரும் சூட்டை வெளியே விட்டுவிடுகிறார்கள். பிளாஸ்டிக் ஷீட் இலையைத் தொட்டால் தொட்ட இடமெல்லாம் கருகும். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியும் மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனும் நம் ஊர்க்காரர்கள். தக்காளிக்குப் பட்டுச் சேலை போர்த்தினாலும் வீட்டில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

பனியில் கருகுவது தோட்டத்துச் செடி மட்டுமில்லை. மலைச்சரிவின் புல் காய்ந்து சருகாகும். பிப்ரவரி, மார்ச்சில் காட்டுத்தீக்கு அதுவே தீனி. பச்சைக்கு அலையும் காட்டுமாடுகள் குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டம் தாண்டி வீட்டுக் கொல்லை வரை வந்து நிற்கும். சேலை போர்த்திக் காப்பாற்றிய முட்டைக்கோஸை காட்டுமாடு மேய்ந்துவிட்டுப் போனால் எந்தப் போர்வையும் உதவாது.

இலங்கையின் நுவரெலியாவிலும் இதே கதை. சுமார் 1,870 மீட்டர் உயரம். ஜனவரி, பிப்ரவரியில் அங்கே விழுவதை நாளிதழ்கள் 'துகள் உறைபனி' என்று எழுதுகின்றன. லயன் வீடுகளை ஒட்டிக் கையகல நிலத்தில் லீக்ஸும் கோவா என்கிற முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் போட்டிருக்கும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு ஒரு ராத்திரிப் பனியில் போவது வாரக் கறிச்செலவு. கொழுந்து கருகினால் பறிக்கும் கிலோவும் குறையும். வீட்டுக்கும் வேலைக்கும் அடி ஒரே நாளில்.

ஸ்நோ கொட்டினால் நிம்மதி

வெண்பனியைப் பார்க்காதவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். கனடாவில் தோட்டம் போடுகிறவர்கள் பயப்படுவது, ஸ்நோ கொட்டாத குளிர்காலத்துக்கு. புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். அந்தக் காற்று குளிரையும் சூட்டையும் எளிதில் கடத்தாது. வெளியே மைனஸ் 20 இருந்தாலும், ஓர் அடிப் பனிக்கு அடியில் மண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். பூண்டும் ஸ்ட்ராபெரியும் டியூலிப் கிழங்கும் அதற்குள் நிம்மதியாகக் கிடக்கின்றன.

ஒன்டாரியோவில் பூண்டு நடுவது அக்டோபரில். பல்லை மண்ணில் ஊன்றி, மேலே வைக்கோல் பரப்பிவிட்டு மறந்துவிடுவார்கள். அந்தக் குளிரை அனுபவித்தால்தான் ஒற்றைப் பல் பிரிந்து முழுப் பூண்டாகும், ஜூலையில் அறுவடை. பனியே விழாமல் மைனஸ் 15க்குப் போய், மறுநாள் பூஜ்யத்துக்கு மேலே ஏறி, மறுபடி இறங்கினால்தான் சிக்கல். மண் உறைந்து விரிந்து, உருகிச் சுருங்கி, நட்ட பல்லை மேலே தள்ளிவிடும். ஜனவரியில் வெளியே போய்ப் பார்த்தால் பூண்டு தரைக்கு மேல் கிடக்கும்.

பனியும் முழு நண்பன் கிடையாது. அதன் அடியில் சுண்டெலிகள் சுரங்கப்பாதை போட்டு, இளம் ஆப்பிள் மரத்தின் பட்டையைச் சுற்றிவரக் கொறித்துவிடும். மார்ச் மாதம் பனி உருகிய பிறகுதான் தண்டில் வெள்ளையாக வளையம் தெரியும். வளையம் முழுதாகச் சுற்றிவிட்டால் அந்த மரத்துக்கு வழியில்லை. நடைபாதையில் வழுக்காமல் இருக்கத் தூவும் உப்பு, வாசலோரப் பூச்செடியின் வேருக்குப் போய்ச் சேருகிறது. பிறகு பாரம். ஜப்பானின் கனசாவா நகரில் கென்ரோகுஎன் தோட்டத்து மரங்களுக்கு ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று கயிறு கட்டத் தொடங்குவார்கள். மரத்தை ஒட்டி நட்ட கம்பத்தின் உச்சியிலிருந்து குடைக்கம்பி போல இறங்கும் கயிறுகள், ஈரப்பனியின் கனத்தில் கிளை முறியாமல் தாங்கும். படம் எடுக்கக் கூட்டம் கூடினாலும், அது முதலில் ஒரு பாதுகாப்பு வேலை.

காஷ்மீரில் டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் 'சில்லாய் கலான்', கடுங்குளிர்க் காலம். ஸ்ரீநகர் வீடுகளின் கொல்லையில் 'ஹாக்' என்ற கீரை அதிலும் தாக்குப்பிடிக்கும். பனியை விலக்கி இலை கிள்ளலாம். குளிரைத் தாங்க இந்தக் கீரைகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்வதால் ருசியும் கூடும். தாங்காத கத்தரியையும் சுரைக்காயையும் தக்காளியையும் கோடையிலேயே நறுக்கிக் காயவைத்துவிடுவார்கள். 'ஹோக் ஸ்யூன்' என்று பெயர். நம் வீட்டு வற்றல் டப்பாவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். காஷ்மீர்க் குளிர் ஊட்டிக் குளிரைவிடப் பல மடங்கு கடுமை. ஆனாலும் தேதி தெரிந்த விருந்தாளி என்பதால் சமையல் தயாராக இருக்கிறது.

ஜன்னலோரக் கறிவேப்பிலை

டொரோண்டோ, ஸ்கார்பரோ பக்கத்துத் தமிழ் வீடுகளில் செப்டம்பர் கடைசி வாரம் ஓர் இடப்பெயர்ச்சி நடக்கும். கோடை முழுக்க பேக்யார்டில் வெயில் காய்ந்த கறிவேப்பிலைத் தொட்டி வீட்டுக்குள் வந்து தெற்கு ஜன்னலைப் பிடித்துக்கொள்ளும். ராத்திரிக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் அது இலையை உதிர்க்கும். உறைபனி பட்டால் கதை முடிந்தது. முருங்கையைத் தொட்டியோடு கராஜுக்கோ பேஸ்மென்டுக்கோ நகர்த்துவார்கள். அங்கே எல்லா இலையையும் கொட்டிவிட்டு வெறும் கம்பாக நிற்கும்.

வீட்டுக்குள் வந்த செடிக்கு வேறு எதிரிகள். ஹீட்டர் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். அந்த வறட்சியில் சிவப்புச் சிலந்தியும் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் ஒன்றாகப் பெருகும். இலை உதிர்வதைப் பார்த்துப் பதறி, அன்பு மிகுந்து தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் அதிகச் செடிகளைக் கொல்கிறார்கள். வெளிச்சம் இல்லாத டிசம்பரில் செடி அரைத் தூக்கத்தில் இருக்கிறது; வேர் தண்ணீர் குடிக்காது, அழுகும். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். உதிர்ந்தால் உதிரட்டும். பிப்ரவரி கடைசியில் பகல் நீளும்போது தானே துளிர்க்கும்.

மே மாதம் வெளியே போகும் சடங்கில் அவசரம் கூடாது. மே 25க்கு முந்தின திங்கட்கிழமை வரும் விக்டோரியா டே விடுமுறைதான் அந்தப் பகுதியில் நாற்று நட வழக்கமான நாள். அதற்கு முன் முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று பழக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் வளர்ந்த இலை, நேர்வெயிலில் ஒரே நாளில் வெளுத்துவிடும். அதே ஊரின் இத்தாலியக் குடும்பங்கள் அத்தி மரத்தை இலையுதிர் காலத்தில் சாய்த்து, குழிதோண்டிப் புதைத்து, வசந்தத்தில் மறுபடி எழுப்பி நிறுத்துகிறார்கள். ஊரை விட்டு வந்தவர்கள் ஒரு மரத்துக்காக எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு முருங்கைக்கு அடுத்தபடியாக அத்தியைச் சொல்லலாம்.

அமெரிக்காவில் இன்னொரு முடிச்சு உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பசுமையாக்க நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும் என்பதால், நோய்த் தடுப்பு வளையத்தில் உள்ள பகுதிகளிலிருந்து கறிவேப்பிலைக் கன்றை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு இருக்கிறது. குளிரில் செடி போனால் வேறு மாநிலத்து அத்தை வீட்டிலிருந்து ஒரு கன்று எடுத்துவருவது அவ்வளவு எளிதில்லை.

பருவம் தப்பினால்

2012 மார்ச்சில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலும் பக்கத்து ஒன்டாரியோவிலும் கோடை போல வெயில் அடித்தது. ஆப்பிளும் செர்ரியும் வசந்தம் வந்துவிட்டதென்று நம்பி, வாரக்கணக்கில் முன்கூட்டியே மொட்டு விட்டன. ஏப்ரலில் வழக்கமான உறைபனி வழக்கமான நேரத்தில்தான் வந்தது. மிச்சிகன் ஆப்பிளில் ஏறக்குறைய 90 சதவிகிதம் போனது. மொட்டு விடாத மரமாக இருந்தால் அதே குளிர் ஒன்றும் செய்திருக்காது. 2021 ஏப்ரலில் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களிலும் இதுதான் நடந்தது. விவசாயிகள் ராத்திரி முழுக்க வரிசை வரிசையாக மெழுகு வாளிகளைக் கொளுத்தி வைத்தும் பலனில்லை. துளிர்ப் பருவத்தில் இப்படியோர் உறைபனி வரும் வாய்ப்பைப் பருவநிலை மாற்றம் சுமார் 60 சதவிகிதம் கூட்டியிருக்கிறது என்று வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன் ஆய்வுக் குழு கணக்கிட்டது. பூமி சூடானால் பனி குறையுமே என்று கேட்பவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். பனி குறையத்தான் செய்கிறது. ஆனால் மரங்கள் அதைவிட வேகமாக முன்னால் ஓடி வந்து அதன் வாயில் விழுகின்றன.

அதே 2021 பிப்ரவரியில் டெக்சாஸ். டல்லாஸில் மைனஸ் 19 டிகிரி வரை இறங்கியது. 1949க்குப் பிறகு அப்படியொரு குளிர் கிடையாது. கடுங்குளிர் அபூர்வமான ஹூஸ்டன் பகுதியில் முருங்கையையும் எலுமிச்சையையும் தரையிலேயே நட்டிருந்த வீடுகளுக்குப் பேரிடி. பல லட்சம் வீடுகளில் மின்சாரம் போய், போர்வை மனிதர்களுக்கே பற்றாத நேரத்தில் செடியை யார் பார்ப்பது? அப்படி ஒரு குளிருக்குப் பிறகு செய்யும் தப்பு, உடனே அரிவாளை எடுப்பது. கறுத்துப்போன முருங்கை, வேர் உயிரோடு இருந்தால், வெயில் ஏறியதும் அடியிலிருந்து துளிர்க்கும். பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தால் போதும். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

பிரிட்டனில் 2022 ஜூலை 19 அன்று 40.3 டிகிரி என்ற வரலாறு காணாத வெயில். பிறகு வறட்சி, இளஞ்சூடான நவம்பர். டிசம்பரில் திடீரென்று உறைகுளிர் பல நாள் நீடித்தது. பகல் குறைந்து, குளிர் படிப்படியாக இறங்கினால்தான் செடி தன் செல்களில் சர்க்கரையைச் சேர்த்துத் தன்னைத் தயார்படுத்திக்கொள்ளும். அதற்குச் சில வாரம் வேண்டும். அந்த அவகாசம் கிடைக்காததால், பல வருடக் குளிரைப் பார்த்த ரோஸ்மேரிகூடப் பல தோட்டங்களில் பட்டுப்போனது.

> வரைபடமும் நகர்கிறது
>
> எந்தச் செடி எங்கே குளிரைத் தாங்கும் என்று சொல்ல, அமெரிக்க வேளாண்மைத் துறை நாட்டை 13 மண்டலங்களாகப் பிரித்து வரைபடம் வெளியிடுகிறது. ஓர் இடத்தில் ஆண்டுதோறும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரிதான் அடிப்படை. 2023 நவம்பரில் வந்த புதிய வரைபடத்தில், நாட்டின் ஏறக்குறைய பாதிப் பகுதி வெப்பமான அடுத்த அரை மண்டலத்துக்கு மாறியிருந்தது. நர்சரிக்காரர்கள் அதைக் காட்டி மென்மையான மரங்களை விற்கிறார்கள். சராசரி என்பது டெக்சாஸில் வந்ததுபோன்ற ஒரு ராத்திரியைப் பற்றி எதுவும் சொல்லாது. வாங்குகிறவர் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சமவெளியில் மார்கழி

மார்கழி, தை முன்பனி; மாசி, பங்குனி பின்பனி என்று பிரித்து வைத்தவர்களின் ஊரில் உறைவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் மாடித்தோட்டக்காரர்களுக்கு இந்த நாலு மாதமும் எளிதில்லை. இரவு ஈரமும் பகல் வெயிலும் சேர்ந்தால் பீர்க்கு, புடலை, வெண்டை இலைகளில் சாம்பல் நோய் மாவு தூவிவிட்டுப் போகும். மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, வேரில் மட்டும் காலையில் ஊற்றினால் பாதி நோய் வராது. நெருக்கமாக வைத்த தொட்டிகளைத் தள்ளி வைத்தால் மீதியில் பாதியும் குறையும். புளித்த மோர் தெளிப்பவர்கள் தெளிக்கட்டும், ஆனால் இடைவெளிக்கு அது மாற்று இல்லை.

மல்லிகைக்கு இது சோர்வுக் காலம். மொட்டு குறையும், இருப்பதும் சிறுக்கும். பொங்கல் நெருங்கும்போது மதுரையிலும் தோவாளையிலும் கிலோ விலை ஆயிரங்களில் போவதற்குப் பண்டிகை பாதிக் காரணம். பனி மீதிக் காரணம். நவம்பர் கடைசியில் கவாத்து செய்து வீட்டுக் குண்டுமல்லியை ஓய்வில் விட்டவர், மார்ச்சில் பூப்பறிப்பார். மொச்சையும் அவரையும் நேர்மாறு. பகல் குறுகினால்தான் பூக்கும் குணம் அவற்றுக்கு. சித்திரையில் விதைத்துவிட்டுக் கொடி மட்டும் ஓடுகிறதே, காயைக் காணோமே என்று நர்சரிக்காரரைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

முந்நூறு ரூபாய் சாட்சி

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வேளாண் ஆலோசனை செவ்வாய், வெள்ளி என வாரம் இரு முறை வருகிறது. மாவட்டத்துக்கான கணக்கு அது. உங்கள் கொல்லையின் வடகிழக்கு மூலை அதில் கிடையாது. முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் குறைந்தபட்ச வெப்பத்தைப் பதிவுசெய்யும் சின்ன தெர்மாமீட்டர் கிடைக்கிறது. இரண்டு வாங்கி, ஒன்றைத் தலை உயரத்திலும் இன்னொன்றைப் புல் மட்டத்திலும் வைத்துப் பார்த்தால் முதல் வாரமே வித்தியாசம் புரிந்துவிடும். முதல் பனி விழுந்த தேதி, கடைசிப் பனி, எந்தச் செடி எந்த மூலையில் கருகியது என்று தினசரிக் காலண்டர் தாளிலேயே குறித்துவைத்தால், நாலைந்து வருடத்தில் உங்கள் தோட்டத்துக்கென்று ஒரு பஞ்சாங்கம் சேர்ந்துவிடும். அதுவரைக்கும், ஜனவரி கழிந்துவிட்டதென்று பழைய சேலைகளைப் பாத்திரக்காரரிடம் போட்டுவிட வேண்டாம். பிப்ரவரியிலும் நட்சத்திரம் தெரிகிற ராத்திரிகள் வரும்.